வாசகர் கேள்வி – பதில்: சட்டம் இயற்றுவதில் நமக்கு என்ன பங்கு?

கேள்வி: சுவிட்சர்லாந்தில் மக்களே வாக்களித்துச் சட்டங்களைத் தீர்மானிக்கிறார்களாமே, இந்தியாவில் அது ஏன் நடப்பதில்லை?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நம் அரசியலமைப்பில் அதற்கு வழி வைக்கப்படவில்லை. 368ஆவது பிரிவு, திருத்தம் செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும், சில திருத்தங்களில் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களுக்கும் அளிக்கிறதே தவிர, வாக்காளருக்கு அளிக்கவில்லை. 1967இல் கோவாவிலும் 1975இல் சிக்கிமிலும் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஆனால் எதை, எப்போது கேட்பது என்று முடிவு செய்தவர்கள் மேலே இருந்தவர்கள்தாம்.

சுவிஸ் முறையின் உயிர்நாடியே அங்குதான் வேறுபடுகிறது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை எதிர்த்து 100 நாட்களுக்குள் 50,000 பேர் கையெழுத்திட்டால் அது வாக்கெடுப்புக்குப் போயே தீர வேண்டும். அரசியலமைப்புத் திருத்தம் கோருவதற்கு 18 மாதங்களில் 1 லட்சம் கையெழுத்துகள் தேவை. அங்கே வாக்காளர்கள் சுமார் 55 லட்சம் பேர். 2024இல் நம் வாக்காளர்கள் ஏறத்தாழ 97 கோடி. அதே விகிதத்தில் இங்கே ஒன்றே முக்கால் கோடிக் கையெழுத்துகள் வேண்டும் என்றால், அவற்றைத் திரட்டும் ஆள்பலமும் பணபலமும் பெரிய கட்சிகளிடம் இருக்குமே ஒழிய, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் தொழிலாளியிடம் இருக்காது. (பெண்களுக்கு வாக்குரிமை தர 1959இல் மறுத்து, 1971இல்தான் அங்குள்ள ஆண்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.)

கேள்வி: நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் உண்டா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: நாடாளுமன்றத் தேர்தலில் இல்லை. வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெறுவார்.

கேள்வி: எட்டு வழிச்சாலைக்கு நிலம் போகக் கூடாது என்று ஊரே சொன்னாலும், கிராம சபைத் தீர்மானம் மத்திய அரசைக் கட்டுப்படுத்தாதா?
– வாசகர், குப்பனூர்

பதில்: கட்டுப்படுத்தாது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலத்தில் உரிமையுள்ளவர் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதித் தரலாம், அவ்வளவுதான். கிராம சபையின் ஒப்புதலை அச்சட்டம் கேட்பதில்லை. சேலம்–சென்னைச் சாலைக்கான நிலமெடுப்பு அறிவிக்கையை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கை செல்லும் என்றதும் நீங்கள் அறிந்ததே.

சட்டமே அதிகாரம் கொடுத்தால் கதை வேறு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை அடிப்படையாக வைத்து உச்ச நீதிமன்றம் 2013இல் ஒடிசாவின் கிராம சபைகளிடம் முடிவைக் கேட்டபோது, நியம்கிரி மலையின் 12 ஊர்களும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, திட்டம் நின்றது. பாக்சைட் வெட்டப்பட்ட சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் இச்சட்டம் பொருந்தும். ஆனால் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதியாகத் தமிழ்நாட்டில் எதுவும் அறிவிக்கப்படாததால், பழங்குடிக் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லாது.

என்னைக் கேட்டால், வாக்கெடுப்புக்கு முன்னால் கேட்டுப் பெற வேண்டியது ஒன்று உண்டு. மசோதா வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசே கொள்கை வகுத்தது. அது சட்டமாக்கப்படாததால், மீறினாலும் கேட்பாரில்லை. அதைச் சட்டமாக்குவதோடு, வரைவு தமிழிலும் வர வேண்டும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியாகி, 22 மொழிகளில் பெயர்க்கும்படி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. ஊருக்கு வரும்போது, இந்த இரண்டுக்காகவும் தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே முன்வைக்கும் மசோதா) கொண்டு வருவாரா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.