கடித்த நாயைக் கொல்லலாமா? வாசகர் கேள்வி – பதில்

நாய்க்கடி பற்றி இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு, கால்நடை மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் அறிந்தவர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கருவாட்டுக் களத்துப் பக்கம் ஒரு செவலை நாய் ஒரே காலையில் நாலு பேரைக் கடித்துவிட்டது. அதில் ஒன்று ஆறு வயசுப் பிள்ளை. பையன்கள் கம்பும் கையுமாகத் தேடுகிறார்கள். அடித்துக் கொன்றால் என்ன தப்பு?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: நாயைத் தேடும் முன், கடிபட்ட நாலு பேருக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். சீண்டாமலே ஒரே ஓட்டத்தில் பலரைக் கடித்த நாயை வெறிநாய் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். உறுதியாகட்டும் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கம்பால் அடிப்பது ஏன் கூடாது என்றால், அடி பெரும்பாலும் தலையில்தான் விழும். ரேபிஸ் என்ற வெறிநோய் இருந்ததா என்று ஆய்வகத்தில் உறுதிசெய்ய நாயின் மூளைத் திசு வேண்டும். மண்டை நொறுங்கினால் அந்தச் சான்று போயிற்று. அடிக்கப் போகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. அடிபட்ட நாய் திரும்பிக் கடிக்கும். எச்சில் கண்ணிலோ கைப்புண்ணிலோ தெறிக்கும். வலை இழுக்கிற கையில் கீறல் இல்லாத நாள் குறைவு. சட்டமும் இருக்கிறது: விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. மேலே பாய்கிற நாயைத் தடுக்கும்போது அதற்கு அடி விழுவது வேறு, தேடிப்போய்க் கொல்வது வேறு.

பிள்ளைகளை வீட்டுக்குள் வையுங்கள். நாய் எங்கே போகிறது என்று தூரத்திலிருந்தே இருவர் கண்காணிக்கட்டும். சுற்றுச்சுவர் உள்ள இடத்துக்குள் அது நுழைந்தால் வெளியிலிருந்து கதவை அடைத்துவிடுங்கள். அதுதான் மிகப் பாதுகாப்பான வழி. கையால் பிடிக்கவோ கழுத்தில் சுருக்குப் போடவோ யாரும் முயலக் கூடாது. ஊராட்சிச் செயலருக்கும் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்கும் தகவல் சொல்லுங்கள். அடைத்த இடத்துக்குள் யாரும் போகாமல், தண்ணீரையும் தீனியையும் கதவிடுக்கு வழியாகத் தள்ளுங்கள். நோய்க்குறி தெரிந்த நாய் பொதுவாக 10 நாளுக்குள் செத்துவிடும். 2023-ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளும் வெறி என்று சந்தேகிக்கும் நாயைத் தனியே அடைத்து, அது தானாக இறக்கும்வரை கவனிக்கச் சொல்கின்றன. இறந்தபின் கால்நடை மருத்துவர் மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்புவார். அதற்கு முன் புதைத்துவிடாதீர்கள்.

நம் கரையில் அடிக்கடி நடக்கிற ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வெறிநோயில் தாடைத் தசை செயலிழந்து கீழ்த்தாடை தொங்கும், எச்சில் நூலாக வடியும், தொண்டை அடைத்ததுபோல் நாய் திணறும். மீன்முள் சிக்கியிருக்கிறது என்று நினைத்து இரக்கப்பட்டு வாய்க்குள் கைவிடுகிறார்கள். முள் சிக்கிய நாய் முன்னங்காலால் வாயைப் பறண்டும். அதன் குரல் மாறாது, நடை தள்ளாடாது. ஆனாலும் இந்த அடையாளத்தை நம்பிக் கையை விடாதீர்கள். வாய் தொங்கும் எந்த நாயின் வாயையும் தொட வேண்டாம். வெறிநாய் தண்ணீரைக் கண்டால் ஓடும் என்பதையும் நம்பாதீர்கள். தண்ணீருக்குப் பயப்படுவது மனிதருக்கு வரும் குறி. வெறிகொண்ட நாய் தண்ணீருக்குள் இறங்கி நிற்பதும் உண்டு.

கேள்வி: எங்கள் வீட்டு ராஜபாளையம் கலப்பு நாய்க்கு நாலு வயது. இதுவரை மூன்று பேரைக் கடித்துவிட்டது. கடைசியாகப் பால்காரரின் தொடையைக் கவ்வி உதறிவிட்டது. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை. கருணைக்கொலை சரிதானா?
– பெயர் வேண்டாம், கீழக்கரை

பதில்: சில நாய்களுக்கு அது சரியான முடிவுதான். உங்கள் நாய் அந்தச் சிலவற்றில் ஒன்றா என்பதைக் கடியின் ஆழத்தையும் காரணத்தையும் வைத்து முடிவு செய்ய வேண்டும், கோபத்தையோ பாசத்தையோ வைத்து அல்ல.

கால்நடை மருத்துவரும் நாய் நடத்தை வல்லுநருமான இயான் டன்பார் கடியை 6 படிகளாகப் பிரித்தார். பல் படாமல் உறுமிப் பாய்வது 1. பல் பட்டும் தோல் துளைபடாவிட்டால் 2. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளை, கோரைப்பல்லின் பாதி நீளத்துக்குள் நின்றால் 3. பாதியைத் தாண்டி இறங்கினாலோ, பிடித்துக்கொண்டு உதறியதால் சதை கிழிந்தாலோ 4. அத்தகைய கடிகள் பல என்றால் 5. உயிர்போனால் 6. இரண்டாம் படிவரை பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும். மூன்றாம் படியில் வீட்டார் உறுதியாக இருந்தால் வாய்ப்பு உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் பால்காரர் கடி நான்காம் படி. அங்கே நாய் பல்லின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை வளர்ந்த நாய்க்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது மிகக் கடினம்.

ஆனாலும் முடிவுக்கு முன் சிலவற்றைப் பாருங்கள். முதலில் வலி. காதுக்குள் சீழ், சொத்தைப் பல், இடுப்பு மூட்டுத் தேய்மானம், உண்ணிக் காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் தொட்டாலே கடிக்கும், வைத்தியம் பார்த்தால் அடங்கும். அடுத்தது சங்கிலி. பகல் முழுக்க வாசலில் கட்டிக்கிடக்கிற நாய்க்கு விலகி ஓட வழியில்லை, அதனால் வருகிறவரை எதிர்க்கும். அப்படிக் கட்டியிருந்தால், சங்கிலியை அவிழ்த்துத் தெருவைப் பார்க்காத பின்கட்டில் அடைத்து வளர்த்துப் பாருங்கள். வெளியே கொண்டுபோகும்போது மூச்சு வாங்க இடமுள்ள கூடை வாய்ப்பூட்டு கட்டாயம். கருத்தடை செய்தால் ஆண் நாயின் சண்டையும் ஊர் சுற்றலும் குறையும். பயத்தால் கடிக்கும் பழக்கம் அதனால் மட்டும் போகாது.

கடி மூன்றும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு இடம், முன்னெச்சரிக்கையாக உறுமல்கூட இல்லை, வீட்டில் சிறுபிள்ளையும் இருக்கிறது என்றால், கணவர் சொல்வதே சரி. இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது தீர்வல்ல. ஆபத்து அடுத்த வீட்டுக்குப் போகும். நாயைக் கவனமின்றி வைத்திருந்து பிறருக்குக் காயம் ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பால்காரரைக் கடித்து 10 நாள் ஆகாவிட்டால் நாயின் கருணைக்கொலைக்கு அவசரப்பட வேண்டாம். நாயை அடைத்துவைத்து அந்த 10 நாளைக் கடக்கவிடுங்கள். அதன்பின்னும் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று பொருள். பால்காரரின் நிம்மதிக்கு அது தேவை.

கருணைக்கொலை என்றே முடிவானால், கால்நடை மருத்துவர் முதலில் தசையில் மயக்க ஊசி போடுவார். கால்மணி நேரத்துக்குள் நாய் தளர்ந்து படுத்துவிடும். பிறகு முன்னங்கால் இரத்தக்குழாய் வழியாக பார்பிட்யூரேட் வகை மருந்து. சில நொடிகளில் நினைவும், அதையடுத்து மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண் திறந்தே இருக்கும், ஓரிரு முறை மூச்சு இழுக்கலாம், சிறுநீர் பிரியலாம். அவை வலியின் அறிகுறி இல்லை. இதை முன்கூட்டித் தெரிந்துகொண்டு பக்கத்தில் இருங்கள். புதைக்கிற குழி நாலடிக்குக் குறையக் கூடாது. கடற்கரை மணலை வேறு நாய்கள் எளிதாகத் தோண்டும், உடலில் தங்கிய மருந்து அதைத் தின்னும் நாயையும் பருந்தையும் கொல்லும். கிணற்றுக்கும் ஊற்றுக்கும் தள்ளி, கெட்டியான மண்ணில் புதைத்து மேலே கல் பாவுங்கள்.

கேள்வி: விடியலில் கடற்பாசி எடுக்கப் போகிறோம். குட்டி போட்ட ஒரு நாய் உடைமரத்தடியிலிருந்து துரத்துகிறது. போன வாரம் ஒருத்தி விழுந்து கணுக்காலில் பல் பட்டது. அதை ஒழித்தால்தான் நிம்மதி.
– வாசகி, பாம்பன்

பதில்: பல் பட்டவர் ஊசி போட வேண்டும், அது முதல் வேலை. அந்த நாயைக் கொல்லத் தேவையில்லை. குட்டி போட்ட நாயின் ஆவேசம் குட்டிகளுக்குப் பக்கத்தில் மட்டும்தான்; குட்டி தாமாகத் தீனி தின்னத் தொடங்கும் ஆறேழு வாரத்தில் குறைந்துவிடும். அதுவரை அந்த மரத்தை விட்டு நன்றாகத் தள்ளி நடங்கள், கூட்டமாகப் போங்கள், டார்ச்சைத் தரையில் காட்டுங்கள். நாய் வந்தால் ஓடாதீர்கள். பாசிப் பையை முழங்காலுக்கு முன்னால் பிடித்தபடி பக்கவாட்டில் நின்று, கண்ணைப் பார்க்காமல் அடிமேல் அடிவைத்துப் பின்வாங்குங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு, கையால் பின்கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். குட்டிகள் பால்மறந்ததும் தாய்க்குக் கருத்தடைக்கு ஊராட்சியில் எழுதிக்கொடுங்கள்.

கேள்வி: கடித்த நாயைக் கொன்றாகிவிட்டது, இனி ஊசி வேண்டாம் என்கிறார் மாமனார். காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்திருக்கிறார்கள்.
– வாசகர், மண்டபம்

பதில்: நாய் செத்ததால் காயத்தில் புகுந்த கிருமி சாகாது. நாயைக் கவனித்துப் பார்க்கும் வழியும் போய்விட்டதால் ஊசி இப்போது இன்னும் அவசியம். இன்றே போங்கள். நாள் கடந்திருந்தாலும் போகலாம்.

சுண்ணாம்பையும் பொடியையும் கழுவி எடுங்கள். குழாய் நீரிலோ, செம்பால் தொடர்ந்து ஊற்றியோ, சோப்புப் போட்டு 15 நிமிடம். கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். பிறகு அயோடின் மருந்து. கட்டுப் போட்டு இறுக்க வேண்டாம், தையலும் கூடியவரை வேண்டாம்.

இரத்தம் வராத கீறல் என்றால் தடுப்பூசி மட்டும் போதும். தோலைத் துளைத்த கடி, இரத்தம் கசிந்த கீறல், புண்ணிலோ வாய் கண்ணிலோ எச்சில் பட்டது எல்லாம் மூன்றாம் வகை, அதாவது கடுமையான வகை. அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பு மருந்தும் வேண்டும். தடுப்பூசி உடலில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அந்த இடைவெளியைக் காப்பது இதுதான். குதிரை சீரத்தில் தயாரித்தது என்றால் எடைக்குக் கிலோவுக்கு 40 யூனிட். 60 கிலோ ஆளுக்கு 2,400. காயத்துக்குள்ளும் சுற்றியும் போட வேண்டும். காயத்தில் குத்தினால் வலிக்கும் என்று அழுது தடுப்பவர்கள் உண்டு, தடுக்காதீர்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள் இதைப் போட்டாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை என்றால் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதி வாங்குங்கள்.

முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்தால், தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள். தசையில் என்றால் 0, 3, 7, 14, 28. மேல்கையில் போட வேண்டும், சிறுபிள்ளைக்குத் தொடையில். புட்டத்தில் போடக் கூடாது. கர்ப்பிணியும் போடலாம். பத்தியம் கிடையாது. கடலுக்குப் போகிறவர்கள் மூன்றாவது ஊசியோடு விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. தேதிச் சீட்டைப் படகு உரிமையாளரிடமும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் நாய்த்தொல்லை தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கொன்றுவிட்டால் என்ன?
– வார்டு உறுப்பினர், பெரியபட்டினம் வட்டாரம்

பதில்: சட்டம் இடம் தராது என்பது ஒரு பக்கம். மேலே சொன்ன 2023 விதிகளின்படி, தீராத நோயோ உயிர்பிழைக்காத காயமோ உள்ள தெருநாயை மட்டுமே மருத்துவர் வலியின்றிக் கொல்லலாம். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயை எடுத்த இடத்திலேயே விட வேண்டும், ரேபிஸ் சந்தேகமுள்ளதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றும் சொன்னது.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் ஒழிப்பு பலன் தராது. ஏலக்கூடத்துப் பக்கம் செவுளும் குடலும் கொட்டிக்கிடக்கும்வரை, காலியான இடத்துக்கு அடுத்த ஊர் நாய் வரும். அதற்கு ஊசி போட்டிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் துறையில் கழிவு வற்றிவிடும். அதையே நம்பிய நாய்கள் தெருவுக்கு வரும். ஆகவே வேலையை மார்ச்சுக்குள் முடியுங்கள்.

விடியலில் இரண்டு நாள் தெருத்தெருவாக எண்ணுங்கள். 200 நாய் என்றால் குறைந்தது 140-க்கு, அதாவது நூற்றுக்கு 70-க்கு, சில வாரங்களுக்குள் ரேபிஸ் ஊசி போட வேண்டும். ஆண்டு முழுக்க இழுத்தால் பயனில்லை; அதற்குள் புதுக் குட்டிகள் வந்துவிடும். ஊசி போட்டதற்கு நெற்றியில் சாயக்குறி வையுங்கள். கருத்தடைக்கு இந்திய விலங்கு நல வாரிய அங்கீகாரம் உள்ள அமைப்பு வேண்டும், ஊசிக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கழிவுக்கு மூடியுள்ள தொட்டியும் தினமும் எடுக்க ஆளும் வையுங்கள். கருவாட்டை மணலில் பரப்பாமல் மூன்றடிப் பரணில் காயப்போட்டு வலை மூடச் சொல்லுங்கள். உப்புத் தொட்டிக்கு இரவில் மூடி வேண்டும்.

நோயில்லாமலே ஆளைக் குதறுகிற தெருநாயைப் பற்றி எங்கள் கருத்தை ஒளிக்கவில்லை. அதை ஆயுள் முழுக்கச் சிறு கூண்டில் அடைப்பது இரக்கமாகாது. இரண்டு கால்நடை மருத்துவர்கள் கடியின் பதிவைப் பார்த்து எழுத்தில் ஒப்பினால் கருணைக்கொலை செய்யலாம் என்று விதி திருத்தப்பட வேண்டும். திருத்தம் வரும்வரை ஊராட்சி தானாக அதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு கடியையும் தேதி, இடம், காயத்தின் படம், நாயின் அடையாளம் என்று பதிந்துவையுங்கள். எந்த நாயைத் தனியே அடைக்க வேண்டும் என்று கேட்க அதுதான் ஆதாரம்.

கேள்வி: நாய்கள் ஆட்டுக்குட்டிகளைக் கடித்துப்போடுகின்றன. கறியில் மருந்து வைக்கலாமா? கடிபட்ட ஆட்டை அறுக்கலாமா?
– வாசகர், சாயல்குடி

பதில்: மருந்து வைக்காதீர்கள். எந்த நாய் தின்னும் என்று யாராலும் சொல்ல முடியாது. காகம், கீரி, பக்கத்து வீட்டுக் காவல்நாய் எல்லாம் சாகும், பிள்ளைகள் கையில் படும், மேலே சொன்ன 325-ஆம் பிரிவும் வரும். பட்டியைச் சுற்றி ஐந்தடிக் கம்பிவலை கட்டி, அடியில் ஒன்றரை அடியை மண்ணுக்குள் இறக்குங்கள். நாய் பெரும்பாலும் தோண்டித்தான் நுழையும். கடிபட்ட ஆட்டின் காயத்தைக் கையுறை போட்டு 15 நிமிடம் சோப்பால் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டுக்கும் தொடர் தடுப்பூசி உண்டு. அறுக்க வேண்டாம். தோலுரிக்கிறவர் கையில் வெட்டு இருந்தால் கிருமி அந்த வழியாக ஏறும். பாலைக் கறந்து குடிக்கவும் வேண்டாம். மருத்துவர் சொல்லும்வரை அந்த ஆட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கட்டுங்கள்.