மதியம் மிச்சமான அரைமணி

கேள்வி: மதியம் சாப்பிடாமல் இருந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடுகிறது, அரைமணி நேரமும் மிச்சம். சாப்பிட்டால்தான் கண்ணைச் சொக்குகிறது. பசியும் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது. ராத்திரி தூக்கம்தான் சரியில்லை, அது வேறு பிரச்னை. வேலை நாட்களில் மதியச் சாப்பாட்டை விட்டுவிடுவதில் என்ன தவறு?

பதில்: ‘வேறு பிரச்னை’ என்று ஒதுக்கிவிட்டீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் பசி. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி அது ஏறும். சாப்பிடாவிட்டாலும் சற்று நேரத்தில் இறங்கிவிடும். உங்களுக்கு அடங்குவது அந்த அலைதான். உடம்பின் தேவை அப்படியே நிற்கிறது. ஆரோக்கியமானவருக்கு ஒரு வேளை தவறினால் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடாது, கல்லீரல் தன் சேமிப்பைக் கொடுத்துச் சமாளிக்கும். அதனால்தான் இரண்டு மணிக்கு உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

நான்கு, ஐந்து மணிக்கு என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ஒரே மின்னஞ்சலை மூன்று முறை படிப்பீர்கள். சாதாரணமாகக் கேட்ட சக ஊழியரிடம் சுள்ளென்று பதில் சொல்வீர்கள். அப்புறம் ஒரு காபி. அதில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்தது பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். வீட்டுக்குப் போனதும் உடை மாற்றக்கூடப் பொறுமை இல்லாமல், நின்றுகொண்டே கைக்குக் கிடைத்ததைச் சாப்பிடுவீர்கள். மதியத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய இரவுச் சாப்பாடு. வயிறு நிறைந்த கையோடு படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும், புரண்டு புரண்டு படுக்க வேண்டியதுதான்.

அந்தத் தூக்கக் குறைவு மறுநாள் பசியையும் கலைக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே தூங்கவிட்டபோது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பு, மாவுப் பண்டங்களின் மேல்தான் நாட்டம் அதிகமாகப் போனது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் தூக்கம் கெட்ட மறுநாள் எதைக் கண்டாலும் கை நீளுவது நமக்குத் தெரியாததா?

சாப்பிட்டால் தூக்கம் வருகிறது என்கிறீர்கள். பிற்பகல் மந்தம் உடம்பின் சொந்தக் கடிகாரத்தில் இருக்கிறது, சாப்பிடாதவர்களுக்கும் வரும். வயிறு முட்டச் சாப்பிட்டால் கூடும், அவ்வளவுதான். ராத்திரி சரியாகத் தூங்காதவருக்கு அது இரட்டிப்பாகத் தெரியும். அளவைக் குறையுங்கள், கொஞ்சம் புரதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். வேளையையே வெட்ட வேண்டாம்.

நேரம் வகுத்து, மாலையோடு சாப்பாட்டை முடித்துக்கொள்பவர்கள் கதை வேறு. உங்களுடையது திட்டமிட்ட விரதம் இல்லை, வேலை விழுங்கிய வேளை. இதில் உங்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சாப்பாட்டு நேரம் பார்த்து மீட்டிங் வைக்கும் மேலதிகாரிகள் இதைப் படித்தால், தயவுசெய்து அந்த வழக்கத்தை நிறுத்துங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? இரவிலிருந்து. படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். காலையில் பசி தானாக எடுக்கும், மதியம் மேஜையை விட்டு எழுந்திருப்பதும் எளிதாகும். நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், நான் மேலே சொன்ன ‘கல்லீரல் சமாளிக்கும்’ என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது; ஒரு வேளை தவறினாலும் மயக்கம் வரை போகலாம். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தில் கை வைக்கவே கூடாது.