பைத்தான் செட்டில் ஒரு பெயரைச் சேர்த்தால் ஏன் எழுத்து எழுத்தாக உடைகிறது?

செட் என்பது ஒரே உறுப்பை இரண்டு முறை வைத்துக்கொள்ளாத தொகுப்பு. அதில் சேர்க்க நீங்கள் 'அப்டேட்' (update) போட்டிருப்பீர்கள். 'ஆட்' (add) போட்டிருந்தால் பெயர் உடையாமல் உள்ளே போயிருக்கும்.

ஆட், கொடுத்ததை அப்படியே ஒரே உறுப்பாக வைத்துக்கொள்ளும். அப்டேட் அப்படியில்லை, கொடுத்ததைப் பிரித்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும். லிஸ்ட், அதாவது பட்டியல், கொடுக்கும்போது நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் பைத்தானின் கண்ணுக்கு ஸ்ட்ரிங்கும் (பெயர் போன்ற எழுத்துத் தொடர்) ஒரு வரிசை, அதனால் அதையும் பிரித்துவிடுகிறது.

தமிழில் இந்தக் கூத்து இன்னும் ஒரு படி மேலே. காலி செட்டில் 'அம்மா' என்று அப்டேட் கொடுத்துப் பாருங்கள். அ, ம், மா என்று மூன்று வரும் என்றுதானே நினைப்போம்? வருவது நான்கு: அ, ம, தனியே ஒரு புள்ளி, தனியே ஒரு துணைக்கால். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோடில் அந்தச் சொல்லுக்கு 5 குறியீடுகள். ம இரண்டு முறை வருவதால் செட் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. முதல்முறை இதைப் பார்த்தபோது எழுத்துருவில்தான் கோளாறு என்று நினைத்து, வேறு வேறு எழுத்துருவாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

சரி, ஒரே பெயர் என்றால் ஆட். பல பெயர்கள் என்றால் சதுர அடைப்புக்குள் லிஸ்டாகப் போட்டு அப்டேட்.

அப்புறம் இன்னொன்று, இதில் நானே பலமுறை விழுந்திருக்கிறேன். ஆட் செய்த விடையைத் திரும்ப அதே மாறியில் போட்டுவிடாதீர்கள். ஆட் செட்டை இருந்த இடத்திலேயே மாற்றுகிறது. திருப்பித் தருவது 'நன்' (None) என்ற வெறும் மதிப்பு. போட்ட வரியில் பிழை எதுவும் காட்டாது. அடுத்த முறை ஆட் செய்யப் போகும்போதுதான் செட்டே காணாமல் போனது தெரியும்.

காலி செட்டை நெளிவு அடைப்பால் தொடங்காதீர்கள், அது டிக்‌ஷனரி என்ற வேறு வகைத் தொகுப்பு ஆகிவிடும். 'செட்' என்று எழுதி வெறும் பிறை அடைப்பு போடுங்கள். லிஸ்டை ஆட் செய்தால் 'டைப் எரர்' என்ற பிழை வரும், ஏனென்றால் லிஸ்ட் போல உள்ளடக்கம் பின்னால் மாறக்கூடிய தொகுப்பைச் செட் உறுப்பாக ஏற்காது. அதையே டப்பிளாக, அதாவது பின்னால் மாற்ற முடியாத பட்டியலாக, மாற்றிக் கொடுத்தால் போதும், உள்ளே இன்னொரு லிஸ்ட் போன்றது இல்லாதவரை.

ஆட் செய்தும் எண்ணிக்கை கூடவில்லையா? அந்த உறுப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1 இருக்கும் செட்டில் 'ட்ரூ'வை (True, 'சரி' என்ற மதிப்பு) சேர்த்தாலும் இதே கதைதான். பைத்தானுக்கு இரண்டும் சமம்.