மகளின் இன்ஜினீயரிங் சீட்டுக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சம்பளம் 34,000 ரூபாய். மகளின் இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 168. சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏ.ஐ. படிப்புக்கு 50,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டோம். ஹாஸ்டலோடு ஆண்டுக்கு 4.25 லட்சம். கையில் 5 லட்சம் டெபாசிட் இருக்கிறது. நகையை வைத்து 4 லட்சம், வீட்டுப் பத்திரத்தின் மேல் ஒன்றரை வட்டிக்கு 8 லட்சம் வாங்கலாம் என்கிறார் மைத்துனர். டெபாசிட்டை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் வட்டியை அதிலேயே கட்டிவிடலாமாம். அவர் பையனும் அங்கேதான் படிக்கிறான். அவர் மகள் கல்யாணத்துக்கு என் பெயரில் வாங்கிக் கொடுத்த கடனில் இன்னும் 70,000 பாக்கி, நான்தான் கட்டுகிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் டிகிரி படித்ததில்லை. மகன் ஒன்பதாவது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது சரிதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது கல்லூரிக் கட்டணம் இல்லை, அந்த 70,000 பாக்கி. மைத்துனர் சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். போன முறை போனது உங்கள் சம்பளம். இந்த முறை வீடு.

கணக்கைப் பாருங்கள். 8 லட்சத்துக்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 12,000. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நான்கு வருடத்தில் 5.76 லட்சம் வட்டி கட்டியிருப்பீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. நகைக்கடன் வட்டி தனி.

ஃபண்ட் யோசனை இன்னும் மோசம். 5 + 4 + 8 சேர்ந்தால்தான் 17 லட்சம் கட்டணம் வருகிறது. அதே 5 லட்சத்தை ஃபண்டிலும் போட முடியாது. போட்டாலும், மாதம் 12,000 எடுக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 29 சதவீத லாபம் வேண்டும். எந்த ஃபண்டும் அதை உறுதியாகத் தராது. கடன் வாங்கி வைத்துக்கொண்டு சந்தையில் முதலீடு செய்யச் சொல்லும் இந்தப் பேச்சு இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறது. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது ஆகாது.

சரி, படித்து முடித்தால் என்ன கிடைக்கும்? பெரிய ஐ.டி. கம்பெனிகள் மொத்தமாக ஆள் எடுக்கும்போது தரும் தொடக்கச் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பக்கமே நிற்கிறது. பிடித்தம் போக மாதம் 25,000 வரும். பெங்களூரிலோ சென்னையிலோ தங்கிச் சாப்பிட 13,000 போனால் மிச்சம் 12,000. அந்த ஒன்றரை வட்டிக்கு அது அப்படியே சரியாகப் போய்விடும். உங்கள் மகள் வேலை பார்ப்பது கடன்காரருக்காக என்றாகிவிடும்.

கல்லூரி விளம்பரப் பேனரில் போட்டிருக்கும் 40 லட்ச சம்பளம் ஒரு பையனுடையது. நீங்கள் பார்க்க வேண்டியது மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரி கொடுத்த விவரம். கல்லூரி இணையதளத்திலேயே இருக்கும். படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய நடுமட்டச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) எவ்வளவு என்று அதில் வரும். மகளை உட்காரவைத்து, இந்தப் பல்கலைக்கழகத்தையும் உங்கள் ஊர்ப் பக்கக் கல்லூரிகள் நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் கவுன்சிலிங் மூலம் கிடைக்கும் சீட்டுக்கு, தரச்சான்று பெற்ற படிப்பானால் ஆண்டுக் கட்டணம் 55,000 என்று நிர்ணயித்திருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழுக்கு 25,000 கழியும். மீதி 30,000. கல்லூரி பஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம், இதர வசூல் எல்லாவற்றுக்கும் 60,000 போட்டாலும் வருடம் 90,000, நான்கு வருடம் 3.6 லட்சம். உங்கள் டெபாசிட்டே போதும். 168-க்கு நீங்கள் விரும்பும் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் போகலாம், எலெக்ட்ரானிக்ஸ் கிடைக்கலாம். ஐ.டி. கம்பெனிகள் எல்லாப் பிரிவிலும் ஆள் எடுக்கின்றன. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், தாராளமாகப் போடுங்கள்.

ஒருவேளை கடன் தேவைப்பட்டால் அது மகள் பெயரில், நீங்கள் இணைக் கடனாளியாக, வங்கிக் கல்விக் கடனாகவே இருக்கட்டும். 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள கல்லூரி என்றால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும். உங்களுடையது 4.08 லட்சம். வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். கவுன்சிலிங் நேரத்தில் கூட்டம் தாங்காது.

அட்வான்ஸ் போய்விடுமே என்று தயங்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்த கடைசித் தேதிக்குள் சீட்டை விட்டுக்கொடுத்தால் முழுத் தொகையும், அல்லது அதிகபட்சம் 1,000 ரூபாய் கழித்தும் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. மின்னஞ்சலோடு பதிவுத் தபாலிலும் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 50,000 திரும்பாமலே போனாலும், அது அந்த வட்டியில் நான்கு மாதத்துக்குச் சற்றே கூட. அவ்வளவுதான்.

மைத்துனரிடம் வாதம் வேண்டாம். "பத்திரம் வைக்கப் போவதில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள், அதோடு அந்த 70,000-ஐ அவர் எப்போது தருவார் என்றும் கேளுங்கள். டெபாசிட்டை ஒவ்வொரு ஜூனிலும் ஒரு பகுதி முதிரும்படி நான்காகப் பிரித்துப் போடுங்கள். மிஞ்சுவது மகனுக்கு.