ரவுட்டரைச் சொந்தமாக வாங்கலாமா? முதலில் ஒப்பந்தத் தேதியைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் இஷூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். இணையச் சேவைக்கு மாதம் 49 வெள்ளி கட்டுகிறேன். அதோடு ரவுட்டர் வாடகை என்று தனியாக 6 வெள்ளி. இரண்டாண்டு ஒப்பந்தம் சென்ற ஆண்டே முடிந்துவிட்டது. புதிதாகச் சேருவோருக்கு இதே வேகத்தை 34 வெள்ளிக்குத் தருவதாக அதே நிறுவனம் விளம்பரம் செய்கிறது. நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன், கேபிள் மோடத்தைச் சொந்தமாக வாங்கியதில் மாதம் 15 டாலர் மிச்சம் என்கிறார். எனக்கும் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். என்ன செய்யலாம்? அம்மா இன்னும் வீட்டுத் தொலைபேசியைத்தான் பயன்படுத்துகிறார்.

பதில்: அண்ணனிடம் அனுப்ப வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள், சகோதரி. அவர் சொல்வது அவருடைய ஊருக்கு முற்றிலும் சரி. அமெரிக்காவில் ஏராளமான வீடுகளுக்கு இணையம் தொலைக்காட்சி கேபிள் வழியாகவே வருகிறது. நிறுவனம் ஏற்றுக்கொண்ட மோடம் பட்டியலைப் பார்த்து ஒன்றை வாங்கிப் பதிவு செய்துகொண்டால் வாடகை நின்றுவிடும். வாடிக்கையாளரே வாங்கிய கருவிக்கு வாடகை வசூலிப்பதைத் தடுக்கும் சட்டமும் அங்கே 2019இல் நிறைவேறியது.

சிங்கப்பூரில் அந்தக் கேபிள் இணையமே இப்போது இல்லை. இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனமான ஸ்டார்ஹப் தன் கேபிள் சேவையை 2019இல் நிறுத்தி, வாடிக்கையாளர்களை ஃபைபருக்கு, அதாவது தகவலை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழைக்கு, மாற்றிவிட்டது. அண்ணன் அனுப்பும் மோடம் உங்கள் வீட்டில் வேலை செய்யாது.

உங்கள் வீட்டுச் சுவரில் ஃபைபர் முனை இருக்கும். அதிலிருந்து வரும் மெல்லிய இழை ஒரு சிறு பெட்டிக்குள் போகிறது. ஓஎன்டி எனப்படும் அந்தப் பெட்டி ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுகிறது. அது சேவை நிறுவனத்தின் வலையமைப்பைச் சேர்ந்தது. கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளும் பொருளல்ல. அதை அடுத்து, வீடு முழுக்க வைஃபை பரப்பும் ரவுட்டர்தான் நீங்கள் சொந்தமாக வாங்கக்கூடியது. சில நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கித் தருகின்றன. உங்களுடையது அந்த வகை என்றால், புது ரவுட்டர் வாங்கினாலும் பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகலாம். அம்மாவின் தொலைபேசிக் கம்பி எந்தப் பெட்டியில் செருகியிருக்கிறது என்று இன்று மாலையே பாருங்கள். வாடகைப் பெட்டியில் செருகியிருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் தொலைபேசியும் நின்றுவிடும். பணத்தை மிச்சப்படுத்தப் போய் அம்மாவைத் தவிக்க விடக் கூடாது.

இனி கணக்குக்கு வருவோம். 150 வெள்ளிக்கு ஒரு ரவுட்டர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 6 வெள்ளி வாடகை என்றால், போட்ட பணம் திரும்ப 25 மாதங்கள் ஆகும். கருவி ஐந்தாண்டு உழைத்தால் 360 வெள்ளி வாடகை மிச்சமாகி, விலை போக 210 வெள்ளி கையில் நிற்கும். மோசமில்லை, ஆனால் அவசரமும் இல்லை.

நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட இன்னொரு விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் 49 வெள்ளி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்; புதியவருக்கு 34 வெள்ளி. மாதம் 15 வெள்ளி, ஆண்டுக்கு 180 வெள்ளி வீணாகப் போகிறது. ரவுட்டர் வாடகையோ ஆண்டுக்கு 72 வெள்ளிதான். நம்மவர்கள் பலர் மின்சாரக் கட்டணத்தை வெள்ளி வெள்ளியாகப் பார்ப்பார்கள். இணைய ஒப்பந்தம் முடிந்த தேதியை மட்டும் கவனிக்க மாட்டார்கள். பழைய வாடிக்கையாளரின் இந்த மௌனத்தில்தான் நிறுவனங்களுக்கு நல்ல வருமானம்.

ஆகவே கடைக்குப் போகும் முன் நிறுவனத்தை அழையுங்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வேறு நிறுவனத்துக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன், எனக்கு என்ன விலை தருவீர்கள் என்று நேராகக் கேளுங்கள். தயங்க வேண்டாம். ஒப்பந்தமில்லாத நீங்கள் இப்போது அபராதம் இல்லாமல் விலகக்கூடியவர், அது அவர்களுக்கும் தெரியும். அதே அழைப்பில் ரவுட்டருடன் என்ன விலை, ரவுட்டர் இல்லாமல் என்ன விலை என்று இரண்டையும் கேளுங்கள். வித்தியாசத்தை இரண்டாண்டு ஒப்பந்தத்தின் 24 மாதங்களால் பெருக்கினால், ‘இலவசம்’ என்று அவர்கள் தரும் ரவுட்டரின் உண்மை விலை தெரிந்துவிடும். வித்தியாசம் மாதம் 3 வெள்ளி என்றால் மொத்தம் 72 வெள்ளி. ஒப்பந்தம் முடிந்ததும் கருவி உங்களுக்கே சொந்தம் என்று எழுத்தில் தந்தால், தாராளமாக அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தாலோ, கருவி கடைசிவரை வாடகையிலேயே இருந்தாலோ, சொந்தமாக வாங்குங்கள்.

வாங்குவதானால் 500, 600 வெள்ளிக் கருவிகளின் பக்கம் போக வேண்டாம். 10 ஜிகாபிட் வேகம் என்று இப்போது ஆரவாரமாக விற்கிறார்கள். துல்லியமான 4கே படம் ஒன்று ஓட ஏறக்குறைய 25 மெகாபிட் போதும். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு 1 ஜிகாபிட்டே, அதாவது 1,000 மெகாபிட்டே, தாராளம். உங்கள் வீட்டில் பாம் ஷெல்டர் (குண்டு தடுப்பு அறை) இருந்து, படுக்கையறையில் வைஃபை தடுமாறினால், பெரும்பாலும் குற்றவாளி அதன் கனத்த கான்கிரீட் சுவர்தான். விலை உயர்ந்த ஒரே ரவுட்டரைவிட, ஒன்றோடொன்று இணைந்து வைஃபை பரப்பும் சாதாரண மெஷ் கருவிகள் இரண்டு அங்கே நன்றாக உதவும்.

இங்குள்ள கடையில், இணையப் பாதுகாப்பு முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 2020இல் தொடங்கிய அந்த முத்திரைத் திட்டத்தின் குறைந்தபட்ச நிலையையாவது எட்டிய வைஃபை ரவுட்டர்களைத்தான் சிங்கப்பூரில் விற்கலாம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் மலிவாக வாங்குவதில் இந்த உறுதி இல்லை, பழுதானால் யாரிடம் போவது என்பதும் தெரியாது. இங்கே வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்றபோதே இருந்த குறை என்று சட்டம் கருதும். பொதுவாக, அப்படியில்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வாடகைப் பெட்டியைத் திருப்பித் தரும்போது அதன் வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் வாங்குங்கள். அடுத்த மாத பில்லில் அந்த 6 வெள்ளி வாடகை நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; நீங்கவில்லையென்றால் ரசீதைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.