நீராவிப் படகைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஃபுல்டன்தானா?

இல்லை. ஃபுல்டனின் படகு ஹட்சன் ஆற்றில் ஓடியது 1807-இல். அதற்குப் பதினேழு வருடம் முன்பே, 1790 கோடையில், பிலடெல்பியாவில் ஜான் ஃபிட்ச் என்பவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, கட்டணம் வாங்கி, டெலவேர் ஆற்றில் நீராவிப் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். பிரான்ஸில் ழுஃப்ருவா என்ற பிரபு 1783-லேயே லியோன் நகரில் ஒரு படகை ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் அது கால் மணி நேரக் கூத்து.

எனக்குப் பிடித்தவர் ஃபிட்ச்தான். கடிகார வேலை, வெள்ளி வேலை, நில அளவை என்று பிழைத்த மனிதர். ஜேம்ஸ் வாட்டின் எஞ்சின் அவர் கைக்கு எட்டாத பொருள். ஹென்றி வாய்ட் என்ற கடிகாரக்காரரைச் சேர்த்துக்கொண்டு தானே ஒன்றைச் செய்தார். 1787 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளோட்டம். அமெரிக்க அரசியலமைப்பை எழுத வந்திருந்த பிரதிநிதிகள் பலர் கரையில் நின்று பார்த்தார்கள். படகின் இரு பக்கமும் செங்குத்தாகத் துடுப்புகள், மொத்தம் பன்னிரண்டு. ஆறு துடுப்பு தண்ணீரை விட்டு எழும்போது மற்ற ஆறு உள்ளே இறங்கும். சுழலும் சக்கரம் இல்லை, ஆட்கள் துடுப்புப் போடுவதை அப்படியே இரும்பால் செய்யப் பார்த்திருக்கிறார்! 1790 படகில் துடுப்புகளைப் பின்பக்கம் கொண்டுபோனார். வாத்துக்கால் மாதிரி தள்ளும். மணிக்கு எட்டு மைல் வரை போனது.

அப்புறம் ஏன் தோற்றார்? டெலவேர் கரையோரமே நல்ல சாலை, அதில் குதிரை வண்டிகள் நன்றாகவே ஓடின. படகில் ஏற ஆள் சேரவில்லை, பணம் போட்டவர்கள் கழன்றுகொண்டார்கள். 1791-இல் காப்புரிமை கிடைத்தது, ஆனால் அதே நாளில் போட்டியாளர் ஜேம்ஸ் ரம்சிக்கும் கிடைத்தது. (ரம்சியின் படகு தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி நகரும். இன்றைய ஜெட் படகுகளின் தத்துவமும் அதுதான்.) ஃபிட்ச் 1798-இல் கென்டக்கியில் நொடித்துப்போய் இறந்தார்.

சரி, ஃபுல்டன் என்னதான் செய்தார்? எஞ்சினை இங்கிலாந்தில் போல்டன்-வாட் கம்பெனியிடமே வாங்கினார். கூட்டாளி லிவிங்ஸ்டன் பெரும் பணக்காரர். நியூயார்க் மாநில நீர்வழிகளில் நீராவிப் படகு விடும் ஏகபோக உரிமையும் அவர் மூலம் கிடைத்தது. முக்கியமாக, ஆற்றைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார். நியூயார்க்கிலிருந்து ஆல்பனி 150 மைல். காற்று ஒத்துழைக்காவிட்டால் பாய்மரப் படகுக்குப் பல நாள் பிடிக்கும். ஃபுல்டனின் படகு 32 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த ஏகபோகத்தை உடைக்க 1824-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.