ரிசல்ட் என்னன்னே தெரியாம எப்படி துணிஞ்சு ரிஸ்க் எடுக்குறீங்க?

கேள்வி கேட்டவர் நல்ல வேலையில இருக்காரு, சொந்தமா ஒரு தொழில் ஆரம்பிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, "ஜெயிக்கும்னு உறுதியா தெரிஞ்சா நாளைக்கே இறங்கிடுவேன்"னு எழுதியிருக்காரு. அந்த உறுதி யாருக்கும் கிடைக்காதுங்க, அதுக்காக காத்திருந்தா காத்துட்டேதான் இருக்கணும். நானும் நிரந்தர வேலைய விட்டுட்டு வந்தவன்தான், அதனால எனக்கு பட்டதை சொல்றேன்.

நிறைய பேர் நினைக்குறது, இருக்குற இடத்துலயே இருந்தா ரிஸ்க் இல்லன்னு. இது எவ்வளவு தப்புன்னு எனக்கு புரிய வெச்சது அமெரிக்க விஞ்ஞானியும் தலைவருமான பெஞ்சமின் ஃப்ராங்க்ளினோட கதை. 1721ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல பெரியம்மை பரவுச்சு. சுமார் 5,900 பேருக்கு வந்து 844 பேர் செத்துப் போனாங்க, அதாவது ஏழுல ஒருத்தர். அப்போ பாய்ல்ஸ்டன்னு ஒரு டாக்டர், அம்மைப் பாலை எடுத்து தோல்ல கீறி வெச்சு லேசா நோயை வரவழைக்குற முறையை 240 பேருக்கு மேல செஞ்சாரு, அதுல 6 பேர் இறந்தாங்க. சாவு இதுலயும் இருக்கு, ஆனா பல மடங்கு கம்மி. ஃப்ராங்க்ளின் இந்த முறைய நம்புனவர், மகனுக்கு போடணும்னுதான் இருந்தாரு, ஆனா பையனுக்கு வயித்துப்போக்கு, சரி உடம்பு தேறட்டும்னு தள்ளிப் போட்டாரு. அந்த இடைவெளியிலயே அம்மை தானா வந்து 1736ல நாலு வயசுப் பிள்ளை போயிடுச்சு. பின்னாடி தன் வாழ்க்கை வரலாற்றுல அதை எழுதும்போது, இந்த முறைய செஞ்சு பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா நம்மள நாமே மன்னிக்க முடியாதேன்னு பயப்படுற பெத்தவங்களுக்காகவே இதைச் சொல்றேன், ரெண்டு பக்கமும் வருத்தம் ஒண்ணாதான் இருக்கும், அதனால எதுல ஆபத்து கம்மியோ அதை எடுங்கன்னு சொல்றாரு. அதைப் படிச்சதுலருந்து "இதைச் செஞ்சா என்ன ஆகும்"னு யோசிக்கும்போதெல்லாம் "செய்யாம விட்டா என்ன ஆகும்"னும் சேர்த்தே யோசிக்குறேன்.

அதுக்காக கண்ண மூடிட்டு குதிங்கன்னு சொல்லல. எவ்வளவு வெச்சு ஆடுறோம்ங்குறதுலதான் எல்லாமே இருக்கு. ஒரு காசு சுண்டுற ஆட்டம், ஜெயிக்க 60% வாய்ப்பு, ஜெயிச்சா வெச்சது ரெட்டிப்பு, தோத்தா வெச்சது போச்சு. கேக்க சூப்பரா இருக்குல்ல? ஆனா ஒவ்வொரு ரவுண்டும் கையில இருக்குற மொத்தத்தையும் வெச்சா, பத்து ரவுண்டு தாண்டி உயிரோட இருக்க வாய்ப்பு 0.6% தான். ஜான் கெல்லின்னு ஒரு விஞ்ஞானி 1956ல போட்ட கணக்குப்படி இந்த ஆட்டத்துல ஒரு தடவைக்கு கையில இருக்குறதுல 20% வெச்சா போதும், நீண்ட காலத்துல பணம் வேகமா வளரும். ஆட்டம் நமக்கு சாதகமா இருந்தாலே இந்த கதி, சாதகமான்னே தெரியாத விஷயத்துல எல்லாத்தையும் கொட்டுறது எனக்கு தைரியமா தெரியல.

நான் வேலைய விடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல, இது மொத்தமா ஊத்திக்கிச்சுன்னா என்னென்ன போகும்னு வரிசையா எழுதி, பக்கத்துலயே அது திரும்ப கிடைக்குமான்னும் எழுதினேன். சேமிப்பு போகும், சம்பாதிச்சுக்கலாம். பதவி போகும், அது கூட பரவாயில்ல. சொந்தக்காரங்க "இருக்குறத விட்டுட்டு பறக்குறதுக்கு ஆசைப்பட்டான்"னு பேசுவாங்க, பேசட்டும். ஒரே ஒரு வரியில மட்டும் பேனா நின்னுடுச்சு, அப்பாவோட மெடிக்கல் இன்சூரன்ஸ் என் ஆபீஸ் மூலமா இருந்துச்சு. வேலைய விட்ட மறு மாசம் அவர் ஆஸ்பத்திரியில படுத்தா அந்த செலவுல இருந்து நாங்க எழுந்திருக்கவே முடியாது. அதனால முதல்ல அவருக்கு தனியா பாலிசி எடுத்து, ஏற்கனவே இருக்குற வியாதிக்கு கிளைம் கிடைக்காத காத்திருப்பு காலம் முடியுற வரைக்கும் வேலையிலயே இருந்துட்டு அப்புறம்தான் ராஜினாமா லெட்டர் கொடுத்தேன். தொழில் ஓடுமான்னு அன்னைக்கும் தெரியாது, ஆனா ஓடலன்னா என்ன ஆகும்னு நல்லா தெரியும், அதைத் தாங்கிக்க முடியும்னும் தெரியும். ராத்திரி தூக்கம் வந்தது அதனாலதான்.

இப்பவும் பழைய சம்பளம் அளவுக்கு வருமானம் வரல, சில மாசம் நல்லா இருக்கும் சில மாசம் இழுத்துப் பிடிக்கணும். நாளைக்கே இதை மூட வேண்டி வந்தாலும் அன்னைக்கு எடுத்த முடிவு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், கையில இருந்த தகவலுக்கு அது சரியான முடிவு. குருட்டாம்போக்குல இறங்கி ஜெயிச்சவங்களையும் பாத்திருக்கேன், அவங்களப் பாத்து அதே மாதிரி இறங்குறதுதான் எனக்கு பயமா இருக்கு.

உங்க கேள்வியில வீட்டுக் கடன் இருக்குன்னு வேற சொல்லியிருக்கீங்க. அப்போ தொழிலுக்கு இன்னொரு கடன் வாங்கி இறங்காதீங்க ப்ளீஸ், அது மட்டும் வேண்டாம். ஆபீஸ்ல சம்பளமில்லாம நீண்ட லீவு தருவாங்களான்னு கேட்டுப் பாத்தீங்களா? தந்தா, வேலை அப்படியே இருக்கும்போதே முதல் கஸ்டமர் கிடைக்குறாரான்னு பாத்துடலாம்.